இறகு கரையும் பீப்பாய்

கையுறையை மாட்டினால் ஜமுனாவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போல இருக்கும். முழங்கை வரை ஏறும் தடித்த மஞ்சள் ரப்பர். அதைப் போட்டுக்கொண்டு கோழி இறகை அலசும்போது, கை எங்கோ தூரத்தில் வேறு யாருடைய கையாகவோ வேலை செய்துகொண்டிருக்கும். இறகு நனைந்ததா, ரத்தம் போயிற்றா, நடுவில் நகம் கிகம் கிடக்கிறதா, ஒன்றும் தெரியாது. குனிந்து குனிந்து கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை எதையும் அவள் இதுவரை செய்ததில்லை.

பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அப்படித்தான். வலைக்காரர்களுக்குப் பாடு முறை உண்டு. இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று பேசி வைத்த முறை. தடவுகிறவர்களுக்கு அந்த முறை எதுவும் கிடையாது. கை எட்டுகிற தூரம்தான் அவர்கள் பங்கு. கலங்கல் தண்ணீரில் முட்டி போட்டு, கழுத்து மட்டும் வெளியே தெரிய, இரண்டு கையையும் சேற்றின் மேல் விசிறி போல விரித்துக்கொண்டு நகர வேண்டும். இறாலின் மீசை முதலில் ஆள்காட்டி விரலில்தான் படும். முடி ஒன்று உரசிய மாதிரி ஒரு கூச்சம். கூச்சம் தெரிந்த மறுநொடி கட்டைவிரல் வந்து தலையை அமுக்கியிருக்க வேண்டும். யோசித்தால் போய்விடும். பிடித்ததைக் கழுத்தில் தொங்கும் ஓலைப் பறியில் போட்டுவிட்டுக் கை மறுபடி விரியும். விடியலில் இறங்கினால் வெயில் தலைக்கு வரும்வரை இதேதான். மேலே ஏறும்போது உள்ளங்கை ஊறி வெளுத்துக் கிடக்கும். ஆனாலும் அந்தக் கைக்கு எல்லாம் தெரியும்.

வலது கையின் அந்த ஆள்காட்டி விரலில்தான் ஆவணி மாதத்தில் கெளுத்தி முள் ஏறியது. ஏறாத கை யாருடையது? முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டுக்கொண்டு, மறுநாளும் தண்ணீரில் இறங்கினாள். விரல் வீங்கியது. மெடிக்கல் கடையில் ரோஸ் நிறத்தில் இரண்டு மாத்திரை வாங்கி முழுங்கினாள். வலி குறைந்தது, விட்டுவிட்டாள். திரும்ப வலித்தது, திரும்ப இரண்டு. சர்க்கரை வேறு இருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. புரட்டாசி வந்தபோது விரல் கத்தரிக்காய் மாதிரி மினுமினுத்தது. நகத்தடியில் சீழ் ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் வாய் திறந்தது.

"அண்ணி, இதோட தண்ணில எறங்காத. எறங்குனா கையே போய்டும்" என்றாள் ஹேமாவதி. ஜமுனாவின் வீட்டுக்காரர் ஆதிநாராயணனின் தங்கை. ஜமுனா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவரும் அக்கம்பக்கமாகத் தவழ்ந்து இறால் பிடித்தவர்கள். "அந்த ஐஸ் கொட்டாய்ல ஆள் கேக்குறாங்கோ. கோழி மயிரு அலசுற வேலயாம். கைக்கு ரப்பர் குடுக்குறாங்கோளாம்."

"கோழி மயிரையா?"

"இன்னா பண்றது. மீன் நாத்தத்துல பொறந்தோம், கோழி நாத்தத்துல கொஞ்ச நாளு இரு."

அவர்கள் ஊரான தோணிரேவுக்கு வெளியே மேட்டில், ஐஸ் போடுவது நின்றுபோய் வெறுமனே கிடந்த பழைய கொட்டகை அது. சென்னையில் ஒரு கல்லூரி அதை வாடகைக்கு எடுத்து, ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தியிடம் விட்டிருந்தது. திவ்யா என்று பெயர். கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். ரயிலில் அனுப்பம்பட்டு வந்து இறங்கி, அங்கிருந்து நாகப்பனின் லோடு ஆட்டோவில், கோழிக்கடைகளிலிருந்து அவன் அள்ளிவரும் இறகு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். சாயங்காலம் திரும்பிப் போகும் ரயிலில் தன் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருக்கும் என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

நாகப்பனுக்கு அந்தக் கவலை இல்லை.

"எனுக்கு மூக்கு செத்துப்போச்சுக்கா" என்பான் மூட்டையை இறக்கிக்கொண்டே. "வூட்ல நெத்திலி வறுத்தாகூட தெரில. பொண்டாட்டி கேக்குறா, கொழம்பு எப்டிகீதுன்னு. நான் கண்ணால பாத்து, நல்லாகீதுன்றேன்."

"எறக்கிட்டுப் பேசு. தண்ணி சொட்டுது பாரு."

"இது அனுப்பம்பட்டு சரக்கு. ஞாயித்துக்கெழம ஊரு மொத்தம் தின்னுட்டு எனுக்கு அனுப்புன கடுதாசி."

முன்பெல்லாம் இந்த மூட்டைகளை விடிகிற நேரத்தில் ஏரிக்கரைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு ஓடிவிடுவான். இறகு மட்கவே மட்காது. காற்றடித்தால் தெருவுக்கு வரும், மழை பெய்தால் ஏரிக்குப் போகும். ஒருமுறை ஊர்ப் பெண்கள் ஆட்டோவைச் சுற்றி வளைத்து, கொட்டியதையெல்லாம் அவன் கையாலேயே திரும்ப அள்ள வைத்தார்கள். வாசலில் மீன் காய்கிற தெருதான். ஆனால் மீன் நாற்றம் அவர்களுக்கு நாற்றமே இல்லை, கோழி நாற்றத்துக்குத்தான் மூக்கைப் பொத்துவார்கள். இப்போது குழாயடியில் ஜமுனா குடத்தோடு போய் நின்றால் வரிசை தானாக வழி விடுகிறது. "இன்னா சென்ட்டு போட்டுகினு வந்துகீற?" என்று யாராவது கேட்பார்கள். அவள் குடத்தை முன்னால் நகர்த்துவாள். தண்ணீர் சீக்கிரம் கிடைத்தால் சரி.

கொட்டகைக்குள் வேலை ஒரே மாதிரிதான். அலசு, நறுக்கு, பெரிய அண்டாவில் வேகவை, ஆறியதும் நீல பீப்பாயில் கொட்டு. அதன்பின் திவ்யா ஒரு கண்ணாடிக் குடுவையிலிருந்து கலங்கலாக எதையோ ஊற்றுவாள்.

"பாலுக்கு உறை ஊத்துற மாதிரிக்கா" என்று முதல் நாள் விளக்கினாள். "இதுல இருக்கிறது ஒரு கிருமி. தலமுடி, நகம், இறகு எல்லாம் ஒரே சாமான்தான். லேசுல மட்காது. ஆனா இந்தக் கிருமி அதைச் சாப்பிடும். நாகப்பண்ணன் கொட்டிட்டிருந்தாரே அந்தப் பள்ளம், அங்க அள்ளின மண்ணுலதான் இது கெடச்சுது."

"நம்மூரு கிருமியா?"

"நம்மூருதான். இறகைச் சாப்பிட்டு வளரும்போது, தன் இடத்துக்கு வேற கிருமி வரக்கூடாதுன்னு ஒரு மருந்தையும் விடுது. அந்த மருந்துதான் எங்களுக்கு வேணும். ஆஸ்பத்திரில குடுக்குற மாத்திரைக்கெல்லாம் இப்ப நெறைய கிருமி பயப்படுறதே இல்ல. புதுசா ஒண்ணு வேணும்."

ஜமுனா பீப்பாயை எட்டிப் பார்த்தாள். "அதுவும் பாடு போட்டு வெச்சிகினுதான் தின்னுதுன்னு சொல்லுங்கோ."

திவ்யா சிரித்துவிட்டு, அதை எங்காவது எழுதிக்கொள்ள வேண்டும் என்றாள். எழுதினாளோ என்னவோ.

நாலைந்து நாளில் இறகு குழைந்து, வெளிர் மஞ்சள் கஞ்சியாகிவிடும். மூச்சை முட்டுகிற காரமான நெடி வரும். நடுத்தண்டு மட்டும் கடைசிவரை கரையாமல் முரண்டு பிடிக்கும். தண்டும் கரைந்ததும் தெளிவை வடித்துத் திவ்யா கல்லூரிக்கு எடுத்துப்போவாள். அடிவண்டலை நாகப்பன் யாரோ ஒருவருடைய கத்தரித் தோட்டத்துக்கு எருவாகக் கொண்டுபோவான். மூட்டைகள் மறுபடி வரும். அலசு, நறுக்கு, வேகவை. சாயங்காலம் வீடு திரும்பும்போது ஜமுனாவின் தோள் தனியாகக் கழன்று பின்னால் வருகிற மாதிரி இருக்கும். ஏரியில் இதைவிட அதிகம் உழைத்திருக்கிறாள். அந்த அலுப்பு படுத்தால் தூக்கமாக மாறும். இது மாறுவதில்லை.

ஐப்பசியில் நகரத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டை அவிழ்த்துப் பார்த்த டாக்டரம்மாவும் களைத்துத்தான் இருந்தார். அன்றைக்கு எத்தனை கை, எத்தனை கால் பார்த்தாரோ.

"என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"ரோஸ் கலரும்மா."

"எவ்வளவு நாள்?"

"வலி நிக்கிற வரிக்கும்."

டாக்டரம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். திட்டவில்லை. "சர்க்கரை நிறைய இருக்கு. இந்தக் கிருமிக்கு அந்த மாத்திரை பழகிப்போச்சு. இப்ப ஊசி எழுதறேன். தினமும் வந்து போட்டுக்கங்க. கை ஈரமே படக்கூடாது. இதுக்கும் கேட்கலைன்னா விரலை எடுத்துடணும். விட்டா உள்ளங்கைக்குப் போயிடும்."

"எந்தக் கணுவோட?"

"அப்பப் பார்த்துத்தான் சொல்லமுடியும்."

வீட்டில் இதைச் சொன்னபோது ஆதிநாராயணன் நண்டு வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். பாசியை ஓரமாகப் போட்டுவிட்டு, "எடுத்தா எடுக்கட்டும்மே. கைய வுட வெரல் பெருசா?" என்றார்.

"எந்த வெரல்னு பாத்து சொல்லுய்யா."

அவர் பார்த்தார். பிறகு தன் ஆள்காட்டி விரலையே ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

விரல் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. அவளுக்கு அது ஒன்றுதான் கணக்கு. கோழி இறகு இன்றைக்கு இருக்கும், ஆராய்ச்சி முடிந்தால் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஏரி எங்கேயும் போகாது. ஆனால் ஏரிக்குத் திரும்பிப் போக ஒரு விரல் வேண்டும்.

ஊசி போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தால் திவ்யா பஞ்சும் மருந்தும் வைத்துக் கட்டு மாற்றிவிடுவாள். ஒருநாள் அப்படிக் கட்டும்போது ஜமுனா கேட்டாள்.

"இந்தப் பீப்பாத் தண்ணி மத்த கிருமிய கிட்ட சேக்காதுன்னு சொன்னீங்களே. என் வெரல்ல கீறத சேக்குமா?"

"தெரியாதுக்கா."

"தெரிஞ்சிக்க முடியாதா?"

திவ்யா கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். அதில் விரலின் சீழ் இருந்தது. "இப்படி எடுத்துட்டுப்போகக் கூடாது. யாரையும் கேட்காம செய்யக் கூடாது" என்று தனக்கே சொல்வது போலச் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஒரு சின்னக் குழாயைத் திறந்து பஞ்சை உள்ளே விட்டு மூடினாள்.

அடுத்த வாரம் திவ்யா வந்தாள். வந்ததிலிருந்து ஜமுனாவின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தாள். மத்தியானச் சாப்பாட்டின்போது ஜமுனாதான் ஆரம்பித்தாள். "பாத்தீங்களா?"

திவ்யா போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். வட்டமான கண்ணாடித் தட்டு. உள்ளே கஞ்சி ஏடு படிந்தது போல வெள்ளை. நடுவில் சின்னக் குழி. குழியைச் சுற்றிக் கழுவித் துடைத்த மாதிரி ஒரு தெளிந்த வட்டம்.

"இந்த வெள்ளை எல்லாம் உங்க விரல்ல இருந்த கிருமி. குழில இருக்கிறது நம்ம பீப்பாய்த் தண்ணி. வடிகட்டி, சுத்தம் பண்ணது."

வீச்சுவலை தண்ணீரில் விழுந்த மாதிரி இருந்தது அந்த வட்டம். ஜமுனா போனை இடது கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இதுக்குள்ள ஒண்ணுகூட வர்ல."

"வரல."

"அப்ப கொஞ்சம் ஊத்து."

"அது முடியாதுக்கா." திவ்யாவுக்குக் குரல் இறங்கிவிட்டது. "இந்தத் தட்டு வேற, உங்க உடம்பு வேற. அந்தத் தண்ணில மருந்து மட்டுமா இருக்கு? ஆயிரம் இருக்கு. மருந்தைத் தனியா பிரிக்கணும். எலிக்குக் குடுத்துப் பார்க்கணும். அப்புறம் மனுஷங்களுக்கு. அது நல்லதா கெட்டதான்னு தெரியணும்."

"எத்தினி நாளு ஆவும்?"

"நாள் இல்லக்கா. வருஷம். பத்து வருஷம்கூட ஆகும். பாதியில வேணாம்னு விட்டாலும் விட்டுடுவாங்க."

ஜமுனா தலையை ஆட்டினாள். புரிந்தது. புரிந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். "கண்ணுல காட்டிட்ட" என்று மட்டும் சொன்னாள். சோற்றில் மிச்சமிருந்ததை நாய்க்கு வைத்துவிட்டு நறுக்குக் கட்டைக்குப் போனாள்.

கார்த்திகையில் மழை கொட்டி, முகத்துவாரம் அகலமாகத் திறந்துகொண்டது. கடல்தண்ணீர் உள்ளே ஏற, இறால் ஏறியது. இந்த ஊர் வருஷம் முழுக்கக் காத்திருப்பது இந்தச் சில வாரங்களுக்குத்தான். ஹேமாவதி விடியலில் இறங்கி, மத்தியானம் பறி நிறையக் கொண்டுவந்தாள். ஜமுனா வாசலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் அவற்றைத் தரம் பிரித்துக் கொடுத்தாள். உயிருள்ள இறால் விரலிடுக்கில் துள்ளியது.

"வடக்கால பள்ளத்துல மொய்க்கிது அண்ணி. நான் ஒருத்தியா இன்னாத்த வாரறது? நீ இருந்தா அத வுட்டுகினு வந்துருப்பமா?"

"இன்னும் ரெண்டு வாரம் ஓடும். அதுக்குள்ள வந்துருவேன்."

ஹேமாவதி அவள் விரலைப் பார்த்துவிட்டு இறால் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊசி ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றும் ஓடிக்கொண்டிருந்தது. வீக்கம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வெள்ளிக்கிழமை வாருங்கள், முடிவு சொல்கிறேன் என்றார் டாக்டரம்மா. அந்த வாரத் தொடக்கத்தில் புயல் எச்சரிக்கை வந்தது. ரயில் ஓடுமோ ஓடாதோ என்று திவ்யா சென்னையிலேயே தங்கிவிட்டாள். நாகப்பனும் ஆட்டோவை வீட்டோடு நிறுத்திவிட்டான். திவ்யாவிடமிருந்து போன் மட்டும் வந்தது.

"ஜமுனாக்கா, மூணாவது பீப்பாய்ல தண்டு கரைஞ்சிருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. கையுறை போட்டுக்கங்க. கட்டு நனையவே கூடாது, சரியா?"

"சரிம்மா."

கொட்டகைக் கூரையில் மழை விழுந்து வேறெதுவும் காதில் விழவில்லை. உள்ளே அரை இருட்டு. கரண்ட் இல்லை. ஜமுனா கையுறையை மாட்டிப் பீப்பாய்க்குள் விட்டுத் துழாவினாள். தடித்த ரப்பருக்கு உள்ளே தண்டும் தெரியவில்லை, கஞ்சியும் தெரியவில்லை. அள்ளிப் பார்க்கலாமென்றால் வெளிச்சம் இல்லை. இடது கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. கொழகொழவென்று ஒன்றிரண்டு தண்டு ஓடியது. ஆனால் ஒரு கையால் தடவுவது அவளுக்குத் தடவல் இல்லை. இரண்டு கையும் விசிறி மாதிரி சேர்ந்து விரிந்தால்தான் இடம் பிடிபடும். வலது கையுறை கழன்று எப்போது கீழே விழுந்தது என்று அவள் கவனிக்கவில்லை. கட்டை அவிழ்த்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அது தன்னால் அவிழவில்லை.

இரண்டு கையும் உள்ளே போனது. தாவாங்கட்டை பீப்பாய் விளிம்பைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தாள். நெடி கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ வாரம் கழித்து அப்போதுதான் அவளுக்குப் பார்வை திரும்பிவந்தது. அடியில் குழைந்த வண்டல், அதன்மேல் மெலிசான நார், நடுவில் கரையாத தண்டுகள், ஆறோ ஏழோ. ஒரு தண்டின் நுனி ஆள்காட்டி விரலில் உரசியது. இறால் மீசை மாதிரியே இருந்தது. கட்டைவிரல் தானாக வந்து அமுக்கியது.

தண்டு கரையவில்லை என்று தெரிந்துவிட்டது. கையை எடுத்திருக்கலாம். அவள் எடுக்கவில்லை. போனில் பார்த்த தெளிந்த வட்டம் மனசில் அப்படியே நின்றது. இந்தத் தண்ணீர்தானே அது. விரலைச் சுற்றி வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாவதாகத் தோன்றியது. இளஞ்சூட்டில் வலி மந்தமாகியது. மழை சற்று ஓயும்வரை அப்படியே நின்றுவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, பழையபடி கட்டிக்கொண்டாள். தண்டு இன்னும் இருக்கிறது என்று திவ்யாவுக்குப் போன் செய்து சொன்னாள். மறுநாளும் போய்ப் பார்த்தாள். மறுநாளும் கையை உள்ளே விட்டாள்.

மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. ஆதிநாராயணன் அதைப் பார்த்தார், குனிந்து அவள் கையை மோந்தார். கோழி இறகு நெடி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாகப்பன் வீட்டுக்கு ஓடினார். ரோட்டில் முழங்கால் தண்ணீர். லோடு ஆட்டோவில் காலிச் சாக்குகளை விரித்து அவளைப் படுக்கவைத்தார்கள். வழியெல்லாம் நாகப்பன் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. ஆட்டோ நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போய்டலாம்க்கா, போய்டலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

"கையை எதுல விட்டீங்க?" என்று கேட்டார் அதே டாக்டரம்மா.

ஜமுனா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பீப்பாய் என்று சொன்னால் என்னென்ன நடக்கும் என்று காய்ச்சலிலும் அவளுக்குத் தெரிந்தது. கொட்டகையைப் பூட்டுவார்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். "ஏரில" என்றாள்.

"சொன்னேனே, ஈரம் படக்கூடாதுன்னு."

"சொன்னீங்கம்மா."

விரலை அடியோடு எடுத்தார்கள். உள்ளங்கை தப்பியது. அதுவே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள்.

திவ்யா பார்க்க வந்தபோது கையில் ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்திருந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி கழிவறைக்குப் போன நேரம் பார்த்து ஜமுனா சொன்னாள்.

"பீப்பாய்லதான் வுட்டேன். ரெண்டு நாளு."

திவ்யாவின் விரல்கள் நின்றன. "நான் சொன்னேனேக்கா."

"சொன்னே. காதுல வுழுந்துது. கைக்கு வுழுல."

"அந்தப் படத்தை நான் காட்டியிருக்கக் கூடாது."

"காட்டலன்னா இன்னொரு ஊசி போட்டுட்டு வெட்டிருப்பாங்கோ. யாரு கண்டா." ஜமுனா ஆரஞ்சுப் பையை இழுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். "ஏரின்னு சொல்லிகீறேன். நீயும் அப்டியே சொல்லு."

"அது பொய்க்கா."

"கெளுத்தி ஏரிலதான குத்துச்சு."

திவ்யா அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள், போட்டாள், மறுபடி கழற்றினாள். நடந்ததைக் கல்லூரியில் சொல்லத்தான் போகிறேன், சொல்லாமல் இருக்க முடியாது என்றாள். சொன்னாள் போலிருக்கிறது. அடுத்த மாதம் பேண்ட் போட்ட இரண்டு பேர் கொட்டகைக்கு வந்து, பீப்பாய்களுக்குப் பூட்டோடு மூடி போட்டு, தண்டு பார்ப்பதற்கு நீளக்காம்பு சல்லடைக் கரண்டி ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். திவ்யாவை என்ன சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை. இரண்டு வாரம் வராமல் இருந்துவிட்டு, பழையபடி மூட்டைகளோடு வந்து இறங்கினாள். ஜமுனாவின் வேலையும் போகவில்லை. தினம் வேலை தொடங்குமுன் கையைக் காட்ட வேண்டும் என்று மட்டும் ஆயிற்று. கட்டு இருந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

மாசி மாதம் புண் முழுவதும் ஆறியபிறகு ஒருநாள் விடியலில் ஹேமாவதி வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் ஒரு பறி, கையில் இன்னொன்று. கூப்பிடவில்லை. நின்றாள். ஜமுனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

பருவம் முடிந்திருந்தது. தண்ணீர் வற்றி, உப்பு ஏறி, கால் வைத்தால் சில்லென்று கடித்தது. முட்டி போட்டு, கையை விரித்து, நகர்ந்தாள். சேறு அதே சேறுதான். கொஞ்ச தூரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த உரசல். விரல் இல்லாத இடத்தில், தழும்பின் மேல், முடி பட்டது போல. கட்டைவிரல் பாய்ந்து வந்தது. வந்து அமுக்கிய இடத்தில் ஒன்றும் இல்லை. நடுவிரல் சேர்வதற்குள் இறால் போய்விட்டது.

மறுபடி விரித்தாள். மறுபடி போனது. இடது கை ஒன்றைப் பிடித்தது, சின்னது. பறியில் போட்டாள். ஓலையில் அது துள்ளுகிற சத்தம் கேட்டது.

"கெடச்சுதா அண்ணி?" ஹேமாவதி திரும்பாமலே கேட்டாள். அவள் கை வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வேண்டுமென்றே பக்கத்திலேயே நகர்ந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணு."

"நடுவெரல் கத்துக்கும்."

"அதுக்கும் பத்து வருஷம் ஆவுமோ இன்னாவோ" என்றாள் ஜமுனா. ஹேமாவதிக்கு அது புரியவில்லை, இருந்தாலும் சிரித்தாள்.

வெயில் ஏறியது. இடது கை இன்னும் சிலவற்றைப் பிடித்தது. வலது கை ஒன்றையும் பிடிக்கவில்லை, ஆனாலும் கூடவே விரிந்து நகர்ந்தது. இரண்டும் சேர்ந்து போனால்தான் இடம் தெரியும், அந்த மட்டில் அதற்கு இன்னும் வேலை இருந்தது. மேட்டிலிருந்து லோடு ஆட்டோவின் ஹாரன் கேட்டது. நாகப்பன் மூட்டைகளை இறக்கப்போகிறான்.

ஜமுனா எழுந்து தண்ணீர் சொட்டக் கரையேறினாள். பிடித்ததை ஹேமாவதியின் பறியில் கொட்டிவிட்டு, ஈரச் சேலையோடே கொட்டகைக்கு நடந்தாள். வாசலில் திவ்யாவிடம் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்தாள். வலது கையுறையின் ஆள்காட்டி விரல் வெறுமையாகத் தொங்கி அரிவாளில் மாட்டுகிறது என்று அதில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். நேற்று முடிச்சு தளர்ந்திருந்தது. பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டு, முதல் மூட்டையின் வாயைப் பிரித்தாள்.